லைன் வீட்டின் கறுப்புச் சுவர்

விருதுநகரில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெயிண்ட் கடைக்கு இன்னமும் அவ்வப்போது போய் உட்காருகிறேன். வேலை ஒன்றும் இல்லை, பழக்கம்தான். இப்போது அங்கே கலர் கலக்க ஒரு மெஷின் வந்திருக்கிறது. அட்டையில் இருக்கிற நம்பரைச் சொன்னால் டப்பாவைக் குலுக்கிக் கையில் கொடுத்துவிடும். ஆனால் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் முகத்தில்தான் தெளிவு இல்லை. புருசன் ஒன்றைக் காட்டுகிறார், பெண்சாதி வேறொன்றைக் காட்டுகிறார், கூட வந்த மச்சினன் மூன்றாவதாக ஒன்றில் விரலை வைக்கிறான். கடைசியில், "பக்கத்து வீட்ல என்ன அடிச்சாங்களோ அதையே குடுங்க" என்று முடிந்துவிடுகிறது.

கடையில் இப்போது வியாபாரம் கவனிக்கும் மகாலட்சுமி போன வாரம் என்னிடம் கேட்டாள்: "சார், தன் வீடு எப்படி இருக்கணும்னு ஒருத்தருக்கும் தெரியலையே. இந்த அட்டை இல்லாத காலத்துல நீங்கள்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?"

அப்போதைக்குச் சிரிப்பாக ஒரு கதை சொல்லி அனுப்பினேன். அது அறுபதுகளில் நடந்தது. சாத்தூருக்குப் பக்கத்தில் நிலபுலத்தோடு இருந்த ஒரு பெரியவர் வேட்டி மடியிலிருந்து தீப்பெட்டி ஒன்றை எடுத்து, அதன் லேபிளைக் காட்டி, "தம்பி, நடுவீடு இந்தச் சிவப்புல இருக்கணும்" என்றார். கெட்டியான எனாமல் வாங்கி, அந்தச் சிவப்பு வரும்வரை விடாமல் கலந்து, நாலு சுவருக்கும் அடித்துக் கொடுத்தேன். அச்சு அசலாக வந்திருந்தது. பெரியவர் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார், சுற்றிலும் பார்த்தார். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "சீனி, கலர்ல ஒரு குத்தமும் இல்ல. ஆனா பெட்டிக்குள்ள குச்சி கெடந்த மாதிரி கெடக்கேன்" என்றார். மகாலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. பதில் வேறொரு வீட்டில் இருக்கிறது. பெரியவரின் சிவப்புக்குச் சில வருசம் முந்தி, பெயிண்ட் கடைக்கு வருமுன் பார்த்த வேலையில் நான் சேர்ந்த புதிதில் நடந்தது. அதைக் கடைக் கவுண்டரில் நின்றுகொண்டு சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் முதலில் காட்டுக் கூலி, பிறகு தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், கூலி. எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிறகு சிவகாசியில் ஒரு அச்சாபீசில் மை கலக்கும் இடத்தில் கொஞ்ச காலம் நின்றேன். அப்புறம் ஒரு கொத்தனாரிடம் வெள்ளையடிக்கிற கணக்கில் கொஞ்ச காலம். முதல் இடத்தில் கலரைப் படித்தேன். இரண்டாவது இடத்தில், சுண்ணாம்பு அந்தக் கலரை என்ன பாடு படுத்தும் என்று படித்தேன். லேபிளில் மயில் கழுத்தாக மின்னுகிற நீலத்தைச் சுண்ணாம்பில் போட்டால் கொஞ்ச நாளில் துருப்பிடித்த தகரமாகிவிடும். படிப்பு என்று எனக்கு இருந்தது இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு எனக்கு வேலை கிடைத்தது.

ஐம்பதுகளின் நடுவில் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி தன் ஆட்களுக்கென்று வரிசை வரிசையாக வீடு கட்டியது. லைன் வீடு என்பார்கள். சந்துக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, எதிரே ஒரு வரிசை, வாசலுக்கு நேர் வாசல். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே ஓடு. ஓட்டுக்கு நடுவே வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு. அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசராக நான் சேர்ந்தேன். எனக்கும் அதில் ஒரு வீடு கிடைத்தது, அப்பா அம்மாவோடு குடிவந்தேன். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் சிமிண்டுப் பலகை, ஒரே மாதிரி மாடம், உள்ளே ஒரே வெள்ளை. கொஞ்சம் நீலம் சேர்த்த சுண்ணாம்பு. பொங்கலுக்குப் பொங்கல் கம்பெனி செலவில் அடிப்போம். ஓலைக் குடிசையில் பிறந்தவனுக்கு அந்த வெள்ளையைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கும். ஒரு வீடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றே நினைத்தேன்.

எனக்கு மேலே கட்டட மேனேஜர் சொக்கலிங்கம். மதுரைப் பக்கத்து ஆள். உரத்துப் பேச மாட்டார். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். மோதிர விரலை மடக்கிச் சுவரை இரண்டு தட்டுத் தட்டிக் காதை வைப்பார். பூச்சு உள்ளே பிடி விட்டிருந்தால் சத்தத்தில் தெரிந்துவிடும். இன்னொரு பழக்கமும் உண்டு. நாம் சொல்வதை அப்படியே திருப்பி நம்மிடமே கேட்பார்.

"ஆணி அடிச்சிட்டேங்க."

"ஆணி அடிச்சிட்டே?"

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, எதிரே நிற்கிறவனுக்குத் தன் குற்றம் தன் காதிலேயே கேட்டுவிடும்.

ஆணி அடிக்கக் கூடாது என்பது அங்கே பெரிய சட்டம். அதற்குக் காரணம் இருந்தது. வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர் ஒற்றைக்கல் சுவர், ஒரு செங்கல் கனம்தான். சிவகாசியில் காலண்டருக்கா பஞ்சம்? ஒருவன் சாமி காலண்டர் மாட்ட நீளமான ஆணியாக அடித்துவிட்டான். முனை அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது. அடுத்த வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தோம். அவன் அந்த முனையில் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தான். வருசக் கடைசியில் காலண்டரை மாற்ற முதலாமவன் ஆணியைப் பிடுங்கினபோதுதான் சண்டை வந்தது. "ஏலே, எங்க வீட்டு ஆணியைக் கேக்காம எப்படிலே பிடுங்குவே?" என்று. மேனேஜர் இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டு ஆணி?" என்று மட்டும் கேட்டார்.

சட்டத்தில் இரண்டாவது, கம்பெனி அடிக்கிற வெள்ளையைத் தவிர வேறு எதுவும் சுவரில் ஏறக் கூடாது என்பது. இதற்கு ஒற்றைக்கல் மாதிரிக் காரணம் எதுவும் கிடையாது. யாரும் கேட்டதும் இல்லை.

ஒரு நாள் வேலை விட்டு எல்லோரும் திரும்பும் நேரத்தில் ராமுத்தாயி அக்கா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் சொந்தமாக மானாவாரிக் காடு வைத்து விவசாயம் பார்த்த குடும்பம். மழை பொய்த்துப் பொய்த்துப் பட்டாசு வேலைக்கு வந்தவர்கள். வெடிக்குத் திரி வைக்கும் வேலை அவருக்கு. பேச்சு குறைவு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, எதிர் வீட்டை வந்து பாருங்க."

"என்னக்கா அங்க?"

"நீங்களே பாருங்க. நான் சொல்ல மாட்டேன்."

எதிர் வீடு பேச்சியம்மாளுடையது. சின்ன வயசு. புருசன் கருப்பசாமி லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தேன். வாசலுக்கு நேர் எதிரே உள்ள சுவர், தரையிலிருந்து ஓடு வரைக்கும், கறுப்பு. திட்டுத் திட்டாக இல்லை. சீராக, மெழுகினது போல. உள்ளே போனதும் அந்த வாசனை பிடிபட்டது. கோவை இலையையும் கரியையும் அரைத்துப் பள்ளிக்கூடத்தில் போர்டுக்குப் பூசுவார்களே, அந்த வாசனை.

"என்னம்மா இது?"

"சுவருதான்."

"அது தெரியுது. ஏன் கறுப்பா இருக்கு?"

"பூசினேன், கறுப்பா இருக்கு."

பின்னால் நின்ற கருப்பசாமி தலையைச் சொறிந்தான். "நான் லோடோட போயிருந்தேன் சார். வந்து பாத்தா இப்படி. சாமி படத்தையெல்லாம் எடுத்துச் சமையக்கட்டுல வச்சிட்டா. கேட்டா, கறுப்புல சாமிக்குப் பயமா இருக்குமாம்."

"சாமிக்கு என்ன பயம்? நீங்கதான் பயப்படுறீகன்னு வச்சேன்" என்றாள் பேச்சி.

காரணத்தைக் கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். அவளுக்குக் கம்பெனியில் வெயில் களத்து வேலை. கம்பி மத்தாப்புகளைச் சட்டத்தோடு சிமிண்டுத் தளத்தில் பரப்பி, திருப்பித் திருப்பிக் காயவைக்க வேண்டும்.

"களம் வெள்ளை, தம்பி. மேல வெயிலும் வெள்ளை. மத்தாப்புல இருக்க மருந்து வெள்ளி மாதிரி மினுமினுன்னு கண்ணுல குத்தும். நெழலுக்கு ஒதுங்கலாம்னா அந்த ரூமும் வெள்ளை. சாயங்காலம் இங்க வந்தா, இங்கயும் வெள்ளை. அதுக்கு மேல நீங்க வேற கண்ணாடி ஓட்டை வச்சு விட்டுருக்கீக. கண்ண மூடிப் படுத்தாலும் வெள்ளையாவே தெரியுது. இதைப் பூசின பெறகுதான், வீட்டுக்கு வந்தா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

அந்தக் கண்ணாடி ஓட்டை ஏணி வைத்து ஏறி நானே நேர் பார்த்து வைத்திருந்தேன். எதிர் வீட்டுக்குப் போனேன்.

ராமுத்தாயி அக்கா தன் வீட்டுக் கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தார். "கண்ணு வலிக்குதாம்க்கா, அதுக்குத்தான் பூசியிருக்கு" என்றேன்.

"தம்பி, தீப்பிடிச்ச ரூமு உள்ள எப்படி இருக்கும்னு நீங்க பாத்திருக்கீகளா?"

"இல்லக்கா."

"நான் பாத்திருக்கேன். என் தம்பி வேலை பாத்த ரூமு. அவனைப் பாக்க விடலை. ரூமை மட்டுந்தான் பாத்தேன். நாலு பக்கமும் இந்தக் கறுப்புதான். இப்பக் காலைல கதவைத் தெறந்தா என் மூஞ்சிக்கு நேரா அது நிக்குது. அவ நல்ல பிள்ளைதான், நான் குத்தம் சொல்லலை. ஆனா என்னால முடியலை."

எங்கள் பக்கத்தில் கறுப்பு என்றால் எல்லோருக்கும் அந்த ஒன்றுதான் நினைப்பில் வரும். விபத்து நடந்த ரூமை இடித்துத் தள்ளும்வரை அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நடப்பார்கள். அதற்குள் சந்து முழுக்கப் பேச்சாகிவிட்டது. "வெடி ஆபீசுல வேலை பாத்துக்கிட்டு வீட்டுக்குள்ள கரி பூசுறதா" என்று குழாயடியில் பெண்கள் பேச்சியின் காதுபடவே சொன்னார்கள். அவள் குடத்தை வைத்தால் பக்கத்தில் யாரும் குடம் வைப்பதில்லை. விசயம் மேனேஜர் வரைக்கும் போனது.

அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். கறுப்புச் சுவரைத் தட்டினார், காதை வைத்தார். விரலில் ஒட்டியதை முகர்ந்து பார்த்தார்.

"கரி எங்கேருந்து வந்தது?"

கேள்வியின் கனம் எல்லோருக்கும் புரிந்தது. கரித்தூள் பட்டாசு மருந்தில் சேருகிற சரக்கு. கம்பெனியிலிருந்து ஒரு சிட்டிகை வெளியே வந்தாலும் வேலை போய்விடும்.

"சிரட்டைக் கரிங்க. எங்க அடுப்புல எரிச்சது. கம்பெனிப் பொருள்ல நான் கை வைப்பேனா?"

"கண்ணு வலிக்குது?"

"வலிக்குதுங்க."

"வீடு இருட்டா இருக்கணும்?"

"இருட்டு வேண்டாங்க. கண்ணுல அடிக்காம இருந்தாப் போதும்."

"நாளைக்கு வெள்ளை அடிச்சிடலாம்?"

"அடிக்க விட மாட்டேங்க."

கருப்பசாமி, "ஏ புள்ள" என்று அவள் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டாள். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஓடைக்கரையில் ஓலைக் குடிசையில் இருந்தவர்கள். தாழ்ப்பாள் போட்ட கதவு என்பது அவளுக்கு இந்த வீட்டில்தான் வாய்த்தது. வந்த அன்றைக்கு அந்தத் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக அவள் விளையாடிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மேனேஜர் எதிர் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வர்ற வெள்ளிக்கிழமை வருவேன். எதிர் வீட்டம்மா உள்ளே வந்து பார்த்து, எனக்குச் சங்கடம் இல்லைன்னு அவங்க வாயால சொல்லணும். சொல்லலைன்னா வெள்ளை அடிக்கணும். வெள்ளையும் வேண்டாம்னா சாவியைக் கொடுத்துடணும்."

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருத்தர் பக்கம் நியாயம் இல்லையென்றால் வேலை சுலபம்.

மறுநாளே கலர் பார்க்க ஆரம்பித்தேன். மேனேஜர் ஒரு முறை வைத்திருந்தார், அதில் இம்மி பிசகக் கூடாது. கதவுக்குப் பின்னால், தெருவுக்குத் தெரியாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சுவரைச் சுரண்ட வேண்டும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, துணியில் வடித்த சுண்ணாம்பில் கலரையும் காய்ச்சின வஜ்ஜிரப் பசையையும் கலந்து தடவ வேண்டும். காய்கிற வரைக்கும் யாரும் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. காய்ந்த பிறகு காலையில் ஒரு பார்வை, உச்சிவேளையில் ஒரு பார்வை, விளக்கு வைத்த பிறகு ஒரு பார்வை. மூன்றும் ஒத்து வந்தால்தான் அது கலர். "ஈரத்துல தீர்ப்புச் சொல்லாதே" என்பார்.

முதலில் காவி தடவினேன். பேச்சி பார்த்துவிட்டு, "அடுப்புக்கு முன்னால குத்த வச்ச மாதிரி இருக்கு" என்றாள். பச்சை தடவினேன். ராத்திரிக்குள் சுண்ணாம்பு அதைத் தின்றுவிட்டு, நோய்க்காரன் முகம் மாதிரி ஒரு மஞ்சளை விட்டுவைத்தது. வெறும் நீலம் தடவினேன். கருப்பசாமி, "சலவைக்காரர் வீடு மாதிரியில்ல இருக்கு சார்" என்றான். கதவுக்குப் பின்னால் பலகாரக் கடைத் தட்டு மாதிரி வரிசையாகத் திட்டுகள் சேர்ந்தன, வெள்ளிக்கிழமை நெருங்கியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது, நான் பேச்சியிடம் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று. ராமுத்தாயி அக்காவிடம் போனேன். என்ன கேட்பது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அக்கா, இருட்டுல உங்களுக்குப் பிடிச்ச இருட்டு எதாவது உண்டா?"

"இருட்டுல என்ன தம்பி பிடிச்சது, பிடிக்காதது? படிச்ச பிள்ளைக்கு வேற வேலை இல்லையாக்கும்."

அசடு வழியத் திரும்பினேன். சந்து முனை வரைக்கும் போயிருப்பேன், பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, மளைக்கு முந்தி வருமே, அந்த இருட்டு பிடிக்கும்."

நான் நின்றேன். அவர் வாசலில் உலர்ந்த துணியை மடித்துக்கொண்டே பேசினார்.

"எங்க ஊர்ல பருத்தியைப் போட்டுட்டு மானத்தைப் பாத்துக்கிட்டே கெடப்போம். எங்கய்யா சிடுமூஞ்சி. கிளக்க இருட்டிக்கிட்டு வந்துச்சுன்னா மம்பட்டியை வரப்புல போட்டுட்டு நின்னு சிரிப்பாரு. அவரு சிரிச்சு நான் பாத்தது அப்ப மட்டுந்தான்."

ஓட்டமும் நடையுமாகப் பேச்சியிடம் போய்ச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "மளை இருட்டா? நல்லாக் கேட்டாக அக்கா. மானம் இருட்டுனா களத்துல வேலை கெடையாது, கூலியும் கெடையாது." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா ஒண்ணு தம்பி, வருசத்துல நான் பகல்ல படுத்து உறங்குறது அன்னைக்கு மட்டுந்தான். சரி, அதையே கலந்து பாருங்க."

மேகத்தைச் சுண்ணாம்பில் கொண்டுவருவது லேசில்லை. சுண்ணாம்பு கூடினால் சாம்பல் ஆகிறது, கரி கூடினால் பழைய கறுப்பே திரும்புகிறது. சுண்ணாம்பைக் குறைத்து வஜ்ஜிரத்தைக் கூட்டினேன். துணிக்குப் போடும் நீலம் சுண்ணாம்புக்குத் தாங்கும், அதைக் கரைத்து, சிரட்டைக் கரியை மெல்லிய துணியில் வஸ்திரகாயமாகச் சலித்து, நகக்கண்ணில் எடுக்கிற அளவாகச் சேர்த்துக்கொண்டே வந்தேன். ஒரு திட்டு காய்ந்ததும் பேச்சி அதற்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள். உச்சிவெயில் கண்ணாடி ஓடு வழியாக இறங்கினபோதும் பார்த்தாள். விளக்கு வைத்த பிறகும் பார்த்தாள். "இதான்" என்றாள்.

வியாழக்கிழமை சுவர் முழுவதையும் சுரண்டிவிட்டு இரண்டு பூச்சுப் பூசினோம். கருப்பசாமி மேல் பாதி, நான் கீழ் பாதி. சாயங்காலம் ஆட்கள் வேலை விட்டு வரும்போது சுவர் சொதசொதவென்று ஈரம். ஈரத்தில் எந்தக் கலரும் இருண்டுதான் தெரியும். இது கரி சேர்ந்த கலர் வேறு. ராமுத்தாயி அக்கா தன் வாசலில் ஏறப் போனவர் திரும்பி, திறந்த கதவு வழியாகப் பார்த்தார். முகம் மாறியது.

"அதே கறுப்புதான தம்பி இது."

"காயலக்கா. காஞ்சா மாறிடும்."

"நான் சொன்னது உங்களுக்கு வெளங்கலை" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பேச்சி பாத்திரங்களைக் கோணியில் எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். கருப்பசாமி, "காலைல பாத்துக்குவோம் புள்ள" என்றான். "கட்டி வச்சா என்ன தப்பு? இருக்கச் சொன்னா அவுத்துக்கிட்டாப் போகுது" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு மேனேஜர் வந்தார். நானும் அவரும் சந்தில் நின்றோம். சுவர் காய்ந்திருந்தது. எதிர் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. பேச்சி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சந்தைக் கடந்து போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

"யக்கா, சாவியைக் குடுக்கப் போறேன். அதுக்கு முந்தி ஒருதடவை வந்து பாத்திருங்க. பிடிக்கலைன்னா வாயைத் தெறந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம், அப்படியே திரும்பிப் போயிருங்க. நான் புரிஞ்சுக்கிடுறேன். உங்க மேல எனக்கு வருத்தம் இல்லக்கா."

கதவு திறக்க நேரமானது. ராமுத்தாயி அக்கா தலையைக் குனிந்தபடியே வந்தார், எங்களைப் பார்க்கவில்லை. வாசல்படியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் உள்ளே கால் வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே அந்தச் சுவர் கருநீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவில், எதுவும் மின்னாமல், தணிந்து நின்றது. அவர் அதன் பக்கத்தில் போனார். கையை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்துக்கொண்டே நடந்தார். மூலையில் நின்றார்.

"தம்பி, இங்கன வெளுப்பா விட்டுட்டீகளே."

நான் உள்ளே ஓடினேன். "ரெண்டாவது பூச்சு அங்க சரியா விழலக்கா. இப்பவே அடிச்சிடுறேன்."

"அடிக்காதீக. மானம் அப்படித்தான இருக்கும், ஒரு மூலையில வெளுத்துக்கிட்டு."

பேச்சி அவர் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மளை வந்தா கூலி போயிரும்க்கா" என்றாள் பேச்சி மெதுவாக.

"போகட்டும். வருசம் பூரா வேலை பாத்துத்தான் என்னத்தைக் கண்டோம்? ஒரு நா வீட்ல கெடப்போம்."

வெளியே வந்து மேனேஜரிடம், "எனக்குச் சங்கடம் ஒண்ணும் இல்லைங்க" என்றார். தன் வாசலுக்குப் போய்த் திரும்பி நின்று, "ஏ பேச்சி, கதவைத் தெறந்தே போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பூச்சு நன்றாகப் பிடித்திருந்தது. "இதுக்கு என்ன கலர்னு பேரு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு மகாலட்சுமியின் அட்டையில் அதற்குப் பக்கத்தில் வருகிற கலர்களே பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஆனால் அன்றைக்கு அதற்குப் பெயர் இல்லை. பேச்சி உள்ளே கோணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், பாத்திரச் சத்தம் கேட்டது.

அந்த வருசம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் போகும் முன்னால் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "வீட்டுக்கு ஒரு சுவர். ஒரே ஒரு சுவர் அவங்க சொல்ற கலர். ஆணி கிடையாது" என்றார். மேலிடத்தில் என்ன பேசி அனுமதி வாங்கினார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வாசலாகப் போய், "உங்களுக்கு என்ன கலர் வேணும்?" என்று கேட்டேன். முதல் வரிசையில் ஒரு வீட்டிலும் பதில் வரவில்லை. "நீங்க பாத்து எதையாவது அடிங்க சார்" என்றார்கள். "எது மலிவோ அது" என்றார்கள். ஒரு அம்மா, "நாங்க என்ன தப்புப் பண்ணினோம்?" என்று பயந்துவிட்டார். அவர்களை அதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் என் அம்மாவிடம் நானும் கேட்டதில்லை.

அப்புறம் கேள்வியை மாற்றிக்கொண்டேன். நாள் பூரா எதைப் பார்க்கிறீர்கள், வீட்டுக்கு வந்ததும் எங்கே உட்காருகிறீர்கள், உட்கார்ந்தால் கண்ணுக்கு முன்னால் என்ன தெரிய வேண்டும் என்று கேட்டேன். அதற்குப் பதில் வந்தது. மருந்து சலிக்கிறவன் ஒருவன், காறித் துப்பினாலும் சாம்பல் கலராகத்தான் வருகிறது என்று சொல்லி, வாழைக்குருத்துப் பச்சை கேட்டான். சுண்ணாம்புக்குத் தாங்குகிற பச்சையைத் தேடி நான் நாயாக அலைந்தது தனிக் கதை. ஆணிச் சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் நடுச்சுவருக்கு ஒரே மஞ்சளைக் கேட்டு, யார் முதலில் கேட்டது என்று மறுபடி சண்டை போட்டார்கள். என் அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு, சமையல் செய்கிற இடத்தில் மட்டும் ரோஸ் கேட்டாள். அவளுக்கு ரோஸ் பிடிக்கும் என்பது எனக்கும் என் அப்பாவுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

ராமுத்தாயி அக்கா வீட்டுக்குக் கடைசியில்தான் போனேன். அவரும் மேகக் கலர்தான் கேட்பார் என்று அதற்கு வேண்டிய நீலத்தைத் தனியாகக் கரைத்தே கொண்டுபோயிருந்தேன்.

"எனக்கு வெள்ளையே அடிங்க" என்றார்.

"அக்கா, இந்த வருசம் நீங்க எது கேட்டாலும் அடிக்கலாம். வெள்ளைதான் எப்பவும் அடிக்கிறோமே."

"அது நீங்களா அடிச்சது, தம்பி. இது நான் கேட்டு அடிக்கிறது. நல்லா ரெண்டு பூச்சா அடிங்க."